கார்புரேட்டருக்குக் கட்டிய கயிறு

எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும் முதலில் நான்தான் சோதித்துப் பார்ப்பேன். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பால் சூட்டை என் மணிக்கட்டில் விட்டுப் பார்த்துப் பழகிய கை, அவள் வளர்ந்த பிறகும் ஓயவில்லை. அவள் படிக்கப் பினாங்குக்குப் போனபோது, அவள் தங்கப்போகும் அறையில் முதல் நாள் நான் படுத்துப் பார்த்தேன். மேலே சுற்றும் காற்றாடி கழன்று விழுமா என்று அதையே முறைத்துக்கொண்டு கிடந்தேன். விழவில்லை. அதன் பிறகுதான் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு செந்தூலில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன்.

அதனால், "பிள்ளை லீவுக்கு வரட்டும், ப்ளேன்ல ஏத்தி ஊரையே சுத்திக் காட்டுறேன்" என்று என் கணவர் சாப்பாட்டு மேசையில் அறிவித்த அன்றே நானும் அறிவித்துவிட்டேன். "முதல்ல நான் ஏறுறேன். நான் உசுரோட இறங்கினா அவ ஏறட்டும்."

ஐம்பது வயதில் மற்றவர்களுக்குச் சர்க்கரை வரும், இரத்த அழுத்தம் வரும். என் கணவருக்கு விமானம் ஓட்டும் ஆசை வந்தது. அவர் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். வாழ்நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய்க்கொண்டிருந்த மனுஷனுக்கு அது போதவில்லை. சுபாங்கில் ஒரு பறக்கும் கிளப்பில் சேர்ந்தார், பரீட்சை எழுதினார், ஒருநாள் லைசென்ஸோடு வந்து நின்றார். நானோ பிரிக்பீல்ட்ஸில் ஒரு க்ளினிக்கில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ். மோனோரயில் வளைவில் சாய்ந்தால்கூடக் கண்ணை மூடிக்கொள்கிறவள். எங்களுக்குப் பொருத்தம் பார்த்த ஜோசியர் இதையெல்லாம் சொல்லவே இல்லை.

என் பயம் சும்மா இருக்காது, கேள்வி கேட்கும். ப்ளேன் ஏறுவதென்று முடிவான நாளிலிருந்து ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன். "மேல போகும்போது இன்ஜின் நின்னுபோக என்னென்ன காரணம்?"

அவருக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்ததுதான் வேடிக்கை. இத்தனை வருஷத்தில் அவர் வேலையைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாய்லெட்டில் நிறுத்தினார். தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கினார்.

"இந்த மிதவையப் பாரு. தண்ணி ஏறினா இதுவும் ஏறி வாயை அடைச்சிரும். தண்ணி இறங்கினா இதுவும் இறங்கித் திறந்து விட்டுரும். கார்புரேட்டருக்குள்ள பெட்ரோலுக்கு இதே மாதிரி ஒரு குட்டித் தொட்டி இருக்கு."

"அந்த மிதவை மாட்டிக்கிட்டா?"

"மாட்டாதுலா."

"நம்ம வீட்டுல மாட்டிச்சே, போன வருஷம்."

அவர் தொட்டியின் மூடியைத் திரும்பப் போட்டார். பால்கனிக்கு அழைத்துப் போனார். எங்கள் பிளாக்குக்கும் அடுத்த பிளாக்குக்கும் நடுவில் ஒரு சந்து. எப்போதும் அங்கே காற்று விரட்டியடிக்கும், குடை பிடித்துப் போக முடியாது. கார்புரேட்டருக்கும் இப்படியொரு குறுகலான தொண்டை உண்டாம். இன்ஜின் இழுக்கும் காற்று அந்தத் தொண்டைக்குள் நுழைந்ததும் வேகம் பிடிக்கும். வேகம் கூடினால் அங்கே அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்த இடத்துக்குத் தொட்டியிலிருந்து பெட்ரோல் தானாகவே ஒரு சின்னக் குழாய் வழியாக உறிஞ்சப்பட்டு, சாரலாகத் தெறித்துக் காற்றோடு கலக்கும். பம்ப் வைத்துப் பிழிய வேண்டியதில்லை, காற்றே இழுத்துக்கொள்ளும். தொண்டையில் ஒரு தகடு கதவு மாதிரி திறந்து மூடும். ப்ளேனில் இருக்கும் கறுப்புக் குமிழைத் தள்ளினால் கதவு திறந்து காற்றும் பெட்ரோலும் அதிகமாகப் போகும், இழுத்தால் குறையும்.

"சிவப்புக் குமிழ் ஒண்ணு இருக்கு. மேல போகப் போகக் காத்து மெலிசாயிரும். பெட்ரோல் மட்டும் அதே அளவு போனா இன்ஜினுக்குத் திகட்டிரும். சோறு குறைஞ்சா குழம்பையும் குறைச்சுத்தானே ஊத்துவ? அதுக்குத்தான் அது."

இதுவரை எல்லாம் புரிந்தது. புரியப் புரியப் பயம் கூடியது. மிதவை மாட்டலாம், குழாயில் தூசி அடைக்கலாம், கதவு இறுகிப் போகலாம். ஒரு மனுஷனின் தொண்டை அடைக்க எத்தனை வழி உண்டோ அத்தனையும் இதற்கும் உண்டு. க்ளினிக்கில் ஊசி எடுத்துக் கொடுக்கும்போதுகூட நான் மனசுக்குள் அவற்றையே வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதாக ஒரு குமிழ் இருப்பதை அவர் கடைசியில்தான் சொன்னார். அதை இழுத்தால் வெளிக்காற்றுக்குப் பதிலாக, புகைக்குழாயைச் சுற்றிச் சூடேறிய காற்று கார்புரேட்டருக்குள் போகும்.

"சூடு எதுக்கு?"

"தொண்டையில ஐஸ் பிடிச்சா கரைக்க. நீ ஊசி போடுறதுக்கு முன்னால ஸ்பிரிட் தடவுறியே, எப்படி இருக்கும்?"

"சில்லுன்னு."

"அதேதான். பெட்ரோல் ஆவியாகும்போது உள்ள ஜில்லுன்னு ஆயிரும். காத்துல இருக்கிற ஈரம் தொண்டையில உறைஞ்சு ஒட்டும். வழி அடைக்கும்."

நான் சிரித்துவிட்டேன். "ஐஸா? நம்ம ஊர் வெயில்லயா? ஐஸ் கச்சாங் வாய்க்கு வர்றதுக்குள்ள தண்ணியாயிருது, இதுல எங்கேர்ந்துலா ஐஸு?"

அவரும் சிரித்தார். "வெள்ளைக்காரன் அவன் ஊர்க் குளிருக்கு எழுதி வச்சது. பரீட்சைக்குப் படிச்சேன். கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை இழுத்துப் பார்த்துட்டுத் தள்ளிருவேன், அவ்வளவுதான்."

ஐஸ் பிரச்சினையை என் பயங்களின் வரிசையிலிருந்து எடுத்துவிட்டேன். மொத்த வரிசையில் நான் நிம்மதியாக எடுத்துப் போட்டது அந்த ஒன்றைத்தான்.

மகள் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தாள். சனிக்கிழமை நான், ஞாயிற்றுக்கிழமை அவள் என்று ஏற்பாடு. சனிக்கிழமை காலையில் நல்ல மழை. விட்டதும் பளிச்சென்று வெயில் அடித்தது. மழையைச் சாக்கு வைத்துத் தப்பிக்கலாம் என்று பார்த்தேன், நடக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் அர்ச்சனை செய்து மஞ்சள் கயிறு வாங்கி வைத்திருந்தேன். எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆட்கள் புதுக் காடி எடுத்தால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் கிளம்ப மாட்டார்கள். காடிக்கே அப்படி என்றால் இதற்கு வேண்டாமா?

"எலுமிச்சம்பழத்த அங்க நசுக்கினா என்னையக் கிளப்புலேர்ந்தே தூக்கிருவாங்க" என்றார் அவர். மகள் பின் சீட்டில் விழுந்து விழுந்து சிரித்தாள். பழம் காடியிலேயே இருந்துவிட்டது.

கயிற்றையாவது எங்கேயாவது கட்டியே தீருவேன் என்று நான் பிடிவாதமாக நின்றேன். ப்ளேன் நான் நினைத்ததைவிடச் சின்னது. கதவு எங்கள் பழைய காடியின் கதவைவிட மெலிசு, சாத்தினால் டப்பா மூடுகிற சத்தம். முன்னால் இரண்டு சீட். இடது பக்கம் அவர், வலது பக்கம் நான், நடுவில் வரிசையாகக் குமிழ்கள். கறுப்பில் கட்டக் கூடாதென்றார், சிவப்பில் கூடவே கூடாதென்றார்.

"அந்த மூணாவதுல கட்டு. இங்க அதுக்கு வேலையே இல்ல."

கட்டினேன். நுனி இரண்டும் கொஞ்சம் நீளமாகத் தொங்கின. கிளம்புமுன் ஓரமாக நிறுத்தி இன்ஜினை முடுக்கிச் சோதித்தார். கயிறு கட்டிய குமிழை இழுத்தார். சத்தம் சற்றே தளர்ந்தது. உள்ளே தள்ளினார். சத்தம் திரும்ப வந்தது. சாமி கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வதைப் போல் எல்லாம் ஒரே நொடியில் முடிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மகள் கையாட்டினாள். நான் ஆட்டவில்லை. இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்திருந்தேன்.

மேலே போன பிறகு எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்கு நான் உண்மையைத்தான் சொல்கிறேன். பயமாக இருந்தது. அழகாக இருந்திருக்கலாம், நான் பார்க்கவில்லை. நனைந்த செம்பனைத் தோட்டங்களிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அங்கங்கே கிழிந்த மேகம். ஆறு காப்பி நிறத்தில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"உன் தங்கச்சி வீட்டக் காட்டுறேன் பாரு" என்றார். என் தங்கை கிள்ளானில் இருக்கிறாள். அவர் கறுப்புக் குமிழை நன்றாக இழுத்தார். இன்ஜின் அடங்கியது. ப்ளேன் மெதுவாக இறங்கத் தொடங்கியது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. முதல் தடவையாக மூச்சை முழுசாக விட்டேன். கொஞ்ச நேரம் அப்படியே சறுக்கிக்கொண்டு போனோம். கூரைகள், கூரைகள், இன்னும் கூரைகள். எது தங்கை வீடென்று எனக்குத் தெரியவில்லை. தெரிகிறது என்று பொய் சொன்னேன், சீக்கிரம் திரும்பிவிடலாமே என்றுதான்.

"சரி, போவோம்" என்று கறுப்புக் குமிழைத் தள்ளினார்.

இன்ஜின் முன்போல் எழும்பவில்லை. சத்தம் கூடியது, ஆனால் அதில் ஒரு நடுக்கம் இருந்தது. குளிர் ஜுரத்தில் வரும் நோயாளிக்குப் பல் கிட்டி உடம்பு உதறுமே, அந்த உதறல். முதலில் என் உடம்புதான் நடுங்குகிறது என்று நினைத்தேன். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் குமிழை இன்னும் தள்ளினார். அது ஏற்கெனவே கடைசி வரை போயிருந்தது. முன்னாலிருந்த மீட்டரில் ஒரு முள் தளர்ந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. சிவப்புக் குமிழைத் தொட்டார், அதுவும் முழுசாக உள்ளேதான் இருந்தது. கீழே குனிந்து பெட்ரோல் வால்வைத் திருகிப் பார்த்தார். சாவியை இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார். ஒவ்வொன்றும் செய்யும்போது அதன் பெயரை ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். பிறகு முணுமுணுப்பு நின்றது. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. வீட்டில் குழாய் ஒழுகினாலும் ஓயாமல் பேசிக்கொண்டே சரி பண்ணுகிற மனுஷன் இவர்.

"என்னங்க?"

அவர் காதோரம் வியர்வை வழிந்தது. அவர் கண் வெளியே போய்விட்டது. கீழே எதையோ தேடினார். இறங்க இடம் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. கீழே செம்பனை தவிர வேறொன்றும் இல்லை. வரிசை வரிசையாக, ஒரு காடி நுழையவும் இடமில்லாத வரிசைகள். மகள் வேலியோரம் நின்றுகொண்டிருப்பாள், நாங்கள் வருவோம் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். யார் போய் அவளிடம் சொல்வார்கள்? தங்கைக்கு முதலில் தெரியுமா, மகளுக்கு முதலில் தெரியுமா? இப்படித்தான் என் மூளை அந்த நேரத்தில் ஓடியது.

வேறு எதுவும் மிச்சமில்லை என்பதால்தான் அவர் கை அந்த மூன்றாவது குமிழுக்குப் போனது. இழுத்தார். மஞ்சள் கயிறும் சேர்ந்து வெளியே வந்தது.

இன்ஜின் செத்துப்போவதைப் போல் இருமியது. அதுவரை நடுங்கியது, இப்போது குலுக்கியது. என் பல் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டது. முன்னாலிருந்து டப்பென்று ஒரு சத்தம் வந்தது. "முருகா!" என்று கத்திக்கொண்டு கண்ணெதிரே ஆடிய கயிற்றைப் பாய்ந்து பிடித்தேன். கயிற்றோடு குமிழும் என் உள்ளங்கைக்குள் அகப்பட்டுக்கொண்டது.

"இது இல்ல, இது இல்ல, மோசமாவுது" என்று அவர் குமிழைத் திரும்ப உள்ளே தள்ளப் பார்த்தார். அங்கே என் கை இருந்தது.

"விடு!"

விட முடியவில்லை. வேண்டுமென்றே செய்தேன் என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். பால்கனிப் பாடம் எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. என் கை பூட்டிக்கொண்டது, அவ்வளவுதான். ஊசிக்குப் பயந்தவர்கள் என் கையைப் பிடித்தால் நானே விரல் விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பிடி.

"விடுறியா இல்லையா! சாகப்போறோம், விடு!"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கத்தியதில்லை. என் விரல்களைப் பிய்த்தார். நகம் கீறியது. இன்னொரு கையால் ப்ளேனையும் பிடித்துக்கொண்டிருந்தார். இன்ஜின் இருமியது, திணறியது, பெரிதாக ஒரு தடவை கமறியது. அப்புறம், அடைத்த மூக்கு திடீரென்று திறப்பதைப் போல், சத்தம் வந்தது. முழுச் சத்தம். முள் மெல்ல மேலே ஏறியது. நடுக்கம் நின்றது.

அவர் கை என் கை மேலேயே இருந்தது. பிய்க்கவில்லை, சும்மா இருந்தது. சுபாங்கில் சக்கரம் தரையைத் தொடும் வரை நான் அந்தப் பிடியை விடவில்லை.

இறங்கி, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஐஸ்."

"இந்த வெயில்லயா?"

"வெயில் ஒண்ணும் செய்யாது. ஈரம்தான். மழை விட்ட காத்து, அதுல நான் வேற அந்தத் தொண்டைக் கதவ மூடி வச்சுக்கிட்டு இறங்கினேன். குறுகின தொண்டையில ஐஸ் சுலபமாப் பிடிச்சிரும். குறைக்கிறதுக்கு முன்னாடியே அந்த மூணாவது குமிழ இழுத்து வச்சிருக்கணும். மறந்துட்டேன். இல்ல, மறக்கல. இந்த ஊர்ல எதுக்குன்னு விட்டுட்டேன்."

கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சூடு பட்டா ஐஸ் கரைஞ்சு தண்ணியா இன்ஜினுக்குள்ள போகும். முதல்ல மோசமாத்தான் ஆகும், பொறுத்துக்கணும், கைய எடுக்கக் கூடாதுன்னு வாத்தியார் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. பரீட்சையில அதுக்குச் சரியா எழுதினேன்மா. ஆனா மேல..." என்றார். "நான் தள்ளியிருப்பேன். நீ விட்டிருந்தா நான் தள்ளியிருப்பேன்."

நான் அப்போதுதான் கையைத் திறந்தேன். கயிறு அறுந்து என் உள்ளங்கையில் சுருண்டு கிடந்தது.

நான் கதவைத் திறந்து கீழே இறங்கியதும் மகள் ஓடி வந்தாள். "எப்படிம்மா இருந்துச்சு? நாளைக்கு நான்தானே?"

"நாளைக்கு இல்லடா" என்றார் அவர். "அப்பா திரும்ப வாத்தியார்கிட்ட போகணும்."

அவள் முகம் சுருங்கியது. என்னைத்தான் முறைத்தாள். "அம்மா பயந்து கத்தியிருப்பாங்க. அதான் அப்பா வேணாங்கிறாரு. எனக்குல்லாம் பயம் கிடையாதுப்பா. நான் கம்முன்னு உக்காந்து வீடியோ எடுத்துக்கிட்டு வருவேன். நீங்க என்ன சொல்றீங்களோ அதைத்தான் செய்வேன்."

அவள் பொய் சொல்லவில்லை. அவள் அப்படித்தான். சின்னதிலிருந்தே அப்பா சொல்லைத் தட்டாத பிள்ளை. உட்கார் என்றால் உட்காருவாள், எழு என்றால் எழுவாள். சொந்தக்காரர்கள் எல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி என்னைப் பாராட்டியிருக்கிறார்கள், நானும் பெருமையாக வாங்கிக்கொண்டிருக்கிறேன். இன்று நான் ஏறாமல் இருந்திருந்தால் நாளை அந்தச் சீட்டில் அவள்தான் உட்கார்ந்திருப்பாள். அவள் கையில் கயிறு இருந்திருக்காது, போன்தான் இருந்திருக்கும். ஒருவேளை அந்தக் குமிழையே பிடித்திருந்தாலும், அப்பா "விடு" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும், உடனே விட்டிருப்பாள்.

நான் அந்தச் சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகள் பயந்துபோய் என் பக்கத்தில் குந்தினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா கத்தினாலும் விடக்கூடாது" என்றேன். "புரியுதா? நீ விடவே கூடாது."

"எதைம்மா?"

அவள் அப்பா ப்ளேனைவிட்டு இறங்கி எங்கள் பின்னால் வந்து நின்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நம் வீட்டு டாய்லெட் தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கிறதே, அதிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.